சுவர்வாளும் உலைச்சொல்லும்

சோழவளநாட்டின் கடற்கரையில், அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், நிலத்தாலும் மொழியாலும் வாழ்க்கை முறையாலும் தஞ்சைப் பெருநிலத்தின் ஒரு கூறேயாம். ஆயினும், 1739ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சியர் கைக்குச் சென்ற அச்சிறு நிலப்பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்டு மீண்டதேனும், 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சியர் ஆட்சியிலேயே இருந்தது. சட்டமுறையான கைமாற்றம் 1962 ஆகசுட்டு 16ஆம் நாளன்றுதான் நிறைவெய்தியது. ஆகலின், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரும், பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரும், மக்களையும் மருமக்களையும் பிரான்சில் வாழவிட்டிருப்போரும் ஆங்கு இன்றும் உளர்.

அத்தகைய வீடொன்றன் நடுக்கூடத்துச் சுவரில் வாளொன்று தொங்குவதாகக் கொள்க. அது மெய்வாளன்று, பழைய வாளொன்றைப் பார்த்துச் செய்த படி. உருசிய நாட்டுக் கோசாக்கர் என்னும் குதிரை மறவர் ஏந்திய வாளின் படி. மகன் பிரான்சிலிருந்து வாங்கி வந்தது. சற்றே வளைந்த ஒற்றைக் கூர்வாய் அலகு, பித்தளைப் பிடி, தோலுறை. நாள்தோறும் துடைக்கப்பெற்று விளங்குகின்றது. வந்தவர் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கின்றனர். வீட்டார் அதன் பெருமையைப் பிரெஞ்சுச் சொல்லொன்றும் ஆங்கிலச் சொல்லொன்றும் கலந்து எடுத்துரைக்கின்றனர். பின்னர், உணவு உண்ண அழைக்கும்போது, "எவர்சில்வர்த் தட்டை எடுத்து வை" என்று அடுக்களை நோக்கிக் குரல் கொடுக்கின்றனர்.

இதில் குற்றம் என்ன என்று சிலர் வினவலாம். சுவரில் வாளைத் தொங்கவிடுதல் குற்றமன்று. பிறநாட்டார் கலைப்பொருளை விரும்புதலும் குற்றமன்று. அழகியதை அழகியதென்று போற்றுதல் மாந்தர்க்கு இயல்பே. ஆயின், அச்சுவர்வாளுக்கும் அவ்வடுக்களைத் தட்டுக்கும் இடையே ஒரு நெடிய வரலாறு கிடக்கின்றது. அவ்வரலாற்றைத் தமிழர் அறியாதிருப்பதே குற்றம். அறிந்தும் வாளாவிருப்பது அதனினும் பெருங்குற்றம்.

வாளின் பெயர் யாருடையது?

கோசாக்கர் ஏந்திய அவ்வாளுக்குச் சாசுக்கா என்பது பெயர். அதற்குக் கைகாக்கும் வளைவு இல்லை. பிடியும் அலகும் ஒரே ஒழுக்காய் அமைந்தவை. 80 செ.மீ.க்கு மேற்பட்ட நீளமுடைய அவ்வலகைக் கூர்வாய் மேல்நோக்க உறையில் தொங்கவிடுவர். அதனால், உறையினின்று உருவும் வீச்சே வெட்டும் வீச்சாகிவிடும். உருவுதற்கு ஒரு நொடியும் வெட்டுதற்கு ஒரு நொடியும் என இரண்டு வேண்டா. குதிரைமேல் விரையும் மறவனுக்கு அந்நொடியே உயிர்.

இத்துணைத் திறம் வாய்ந்த அவ்வாளைக் கோசாக்கர் ஆக்கினாரல்லர். அஃது அவர்தம் பகைவரான செர்க்கேசியர் என்னும் மலைநாட்டு மக்களின் வாள். கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கேசிய மலைச்சாரலில் வாழ்ந்த அம்மக்களொடு நெடுங்காலம் பொருத கோசாக்கர், அவர்தம் வாளின் சிறப்பைத் தம் மெய்ப்புண்ணாற் கற்று, அவ்வாளையே தாமும் ஏந்தலாயினர். செர்க்கேசியர் அணிந்த நெடுஞ்சட்டையையும் மேற்கொண்டனர். வாளைக் கொண்டபோது அதன் பெயரையும் கொண்டனர். சாசுக்கா என்பது உருசியச் சொல்லன்று; செர்க்கேசிய மொழியில் கத்தி என்று பொருள்படும் சொல்லும் பெரிது என்று பொருள்படும் சொல்லும் கூடிய கூட்டுச்சொல்லின் திரிபு. தமிழில் நெடுங்கத்தி என்பது போன்றது அது.

1881ஆம் ஆண்டில் உருசியப் பேரரசு, கோசாக்கர்க்கேயன்றித் தன் ஒழுங்குக் குதிரைப்படைக்கும் சாசுக்காவையே படைக்கலமாக வகுத்தது. 1904இல் குபான், தெரெக்கு ஆற்றங்கரைக் கோசாக்கர்க்கெனத் தனியொரு வகை ஏற்பட்டது. பேரரசு வீழ்ந்து பொதுவுடைமை அரசு தோன்றிய பின்னும், 1927இல் செம்படையின் குதிரைப்பிரிவுக்கு ஒருவகைச் சாசுக்கா வகுக்கப்பெற்றது. மலைநாட்டுச் சிறுமக்களின் சொல்லொன்று, ஒரு பேரரசின் படைநூல்களில் ஏறி, அப்பேரரசு வீழ்ந்தபின்னும் வீழாது நின்றது.

ஆனால், அச்சொல்லுக்குரிய மக்கள் என்னாயினர்?

1864ஆம் ஆண்டில் காக்கேசியப் போர் முடிவுற்றது. தோற்ற செர்க்கேசியரிற் பெரும்பாலோர் தம் மண்ணினின்று அகற்றப்பட்டுக் கருங்கடல் வழியே துருக்கப் பேரரசின் நிலங்களுக்குத் துரத்தப்பட்டனர். பல நூறாயிரவர் நாடிழந்தனர். கடலிலும் கரையிலும் நோயாலும் பசியாலும் மடிந்தவர் மிகப் பலர். எஞ்சியோர் துருக்கி, சிரியா, யோர்தான் முதலிய நாடுகளிற் சிதறினர். இன்றும் யோர்தான் அரண்மனைக் காவலில் செர்க்கேசியர் தம் மரபுடையும் வாளும் அணிந்து நிற்பதைக் காணலாம்.

செர்க்கேசியரின் உறவினமாய், இன்றைய சோச்சி நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர் உபிக்கர் என்பார். அவர்கள் அனைவரும் அதே 1864இல் நாடிழந்தனர். துருக்கியிற் குடியேறிய பின், அவர்தம் மக்கள் அண்டையாரோடு உறவாடவும், சந்தையில் வாங்கி விற்கவும், பள்ளியிற் பயிலவும் பிறமொழிகளை மேற்கொண்டனர். தாய்மொழி வீட்டுக்குள் ஒடுங்கிற்று; பின்னர் முதியோர் வாயில் ஒடுங்கிற்று. தெவுபிக்கு எசெஞ்சு என்னும் முதியவர் 1992இல் மறைந்தபோது, உபிக்க மொழியை முழுமையாகப் பேசும் கடைசி வாயும் அடைத்தது. எண்பதுக்கு மேற்பட்ட மெய்யொலிகளைக் கொண்டு மொழியறிஞரை வியப்பில் ஆழ்த்திய மொழி அது. தூமெசில் என்னும் பிரெஞ்சு அறிஞர் பல்லாண்டு உழைத்து அம்முதியவரிடமிருந்து திரட்டிய கதைகளும் சொற்களும் இன்று பொத்தகத்திலும் ஒலிப்பதிவிலும் உள்ளன. ஆயின், அம்மொழியில் தாயொருத்தி தன் குழந்தையை அழைக்கும் ஒலி ஞாலத்தில் எங்கும் இல்லை.

இஃது ஆழ எண்ணத்தக்கது. வாளின் பெயர் வாழ்கின்றது. அதனைப் படி செய்து விற்கும் வணிகர் விலைப்பட்டியிலும் வாழ்கின்றது. அவ்வாளைத் தந்த மக்களுள் ஒரு கிளையினரின் மொழியோ மாண்டது. ஒரு பொருள் உலகெங்கும் போற்றப்படுவதால் அதனைப் படைத்த மக்களின் மொழி காக்கப்பட்டுவிடும் என்று எண்ணுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எஃகின் வழி

இனி, அவ்வாளின் அலகைப் பற்றி ஒரு சொல். உருசிய வாள்கள் பெரிதும் வடிக்கப்பெற்ற ஊர், ஊரால் மலைப்பகுதியிலுள்ள சுலாத்தவுசுத்து. அங்குப் பணியாற்றிய அனோசோவு என்னும் மாழைநூல் வல்லுநர், கிழக்கு நாட்டு வாள்களில் நீரலைபோல் வரியோடும் எஃகின் மறையைக் கண்டறியப் பல்லாண்டு முயன்று, தம் ஆய்வு முடிபுகளை 1841இல் வெளியிட்டார். அவ்வெஃகிற்கு உருசியர் இட்ட பெயர் புலாத்து. அச்சொல் பாரசீகத்துப் பூலாத்து என்பதன் திரிபு. பாரசீகரும் அரபியரும் அவ்வெஃகை எங்கிருந்து பெற்றனர்? தென்னாட்டினின்றும் இலங்கையினின்றும் கப்பலேறிச் சென்ற எஃகுக் கட்டிகளே அவர்தம் சிறந்த வாள்களுக்கு மூலப்பொருளாயின. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூலெழுதிய அல்கிந்தி என்னும் அரபு அறிஞர், இலங்கை எஃகைப் பெயர் சுட்டிக் கூறியுள்ளார்.

அவ்வெஃகைச் சமைத்த முறை வியக்கத்தக்கது. மெல்லிரும்புத் துண்டுகளை ஆவாரை விறகின் துண்டுகளோடு ஒரு சிறு மண்குகையில் இட்டு, எருக்கிலை முதலிய பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, அத்தகைய குகைகள் பலவற்றை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். மரத்திலும் இலையிலும் உள்ள கரி இரும்பிற் கலந்து, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரையிலான கரிச்செறிவோடு இரும்பு உருகி எஃகாகும். பின்னர் மெல்லக் குளிரவிடுவர். சேலம் பகுதியில் நிகழ்ந்த இம்முறையை, பரங்கிப்பேட்டையில் 1830ஐ ஒட்டி இரும்பாலை நிறுவிய ஈத்து என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். காவிரிக்கரைத் தமிழர் எளிய வேலிச்செடியாய்க் காணும் ஆவாரையும் எருக்கும், உலகின் தலைசிறந்த எஃகின் உட்பொருள்கள் என்பதை எத்துணைப் பள்ளிப்பிள்ளைகள் அறிவர்?

இம்முறை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கன்னட நாட்டிலும் தெலுங்க நாட்டிலும் வழங்கியதே. அதனை மறைத்துப் பேசுதல் மெய்ம்மைக்கு மாறு. ஆயினும், ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள், கழகக் காலத்திலேயே அங்கு இரும்பும் எஃகும் ஆக்கும் உலைகள் இருந்தமையைக் காட்டின. 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையோ, சிவகளையிற் கிடைத்த பொருள்களின் காலக்கணிப்பைக் கொண்டு, இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 3345 வரை பின்னோக்கிக் கொண்டு செல்கின்றது. அக்கணிப்பை உலக அறிஞர் ஆய்ந்து தெளிதல் வேண்டும். தமிழர் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

1794இல் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு இத்தென்னாட்டெஃகின் கட்டிகள் அனுப்பப்பட்டன. மறுவாண்டு பியர்சன் என்பார் அதனை ஆய்ந்தெழுதிய கட்டுரையில் ஊட்சு என்று அதற்குப் பெயர் வழங்கினார். பின்னர், பாரடே போன்ற பேரறிஞரும் அதனை ஆய்ந்தனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என வழங்கும் சொல்லின் சிதைவே ஊட்சு என்பர். தமிழின் உருக்கு என்பதும் எஃகு என்பதும் அதன் உறவுச்சொற்களாகக் கருதப்படுகின்றன. தமிழில் எஃகு என்னும் சொல் கழகச் செய்யுட்களிலேயே வழங்குகின்றது. கூர்மையையும் வேலையும் அறிவுநுட்பத்தையுங்கூடக் குறிக்கும் அளவிற்கு வளர்ந்த சொல் அது.

பொருளோடு பெயரும் சென்றது. ஆனால், சிதைந்து சென்றது. செர்க்கேசியரின் சொல்லை உருசியர் ஓரளவேனும் உருத்தெரியும்படி வைத்திருந்தனர். தென்னாட்டாரின் சொல்லை மேனாட்டார் அவ்வாறும் வைத்திலர். அஃது அவர் குறை. அச்சொல்லைத் தம் வாயினின்றே துரத்தியவர் யார்? அது தமிழர் குறை.

அடுக்களையில் மாண்ட சொல்

ஞாலத்திற்கு எஃகு தந்த நாட்டின் கடைத்தெருவில் நடந்து செல்க. ஏனக்கடைப் பலகைகளில் எவர்சில்வர் என்றும் சுடீல் என்றும் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். எவர்சில்வர் என்பது ஆங்கிலேயன் நாட்டிலும் அப்பொருளுக்கு வழங்காத வணிகப் பெயர். அதில் வெள்ளி ஓர் இம்மியும் இல்லை. துருப்பிடியா எஃகு அது. எஃகு என்னும் ஈரெழுத்தும் ஓர் ஆய்தமும் கொண்ட சொல்லைத் தமிழ்த்தாய்மார் நாவினின்று அகற்றி, அவ்விடத்தில் ஒரு பொய்ப்பெயரைக் குடியேற்றினர். செர்க்கேசியரைத் துரத்த ஒரு பேரரசின் படை வேண்டியிருந்தது. எஃகு என்னும் சொல்லைத் துரத்த ஒரு கடைப்பலகையே போதுமானதாயிற்று.

ஒரு மொழியினர் தம்மிடம் இல்லாத பொருளைப் பிறரிடம் பெறும்போது அதன் பெயரையும் உடன்பெறுதல் உலகியல். கோசாக்கர் செய்தது அதுவே. அதனைக் காட்டி, "எல்லா மொழிகளும் கடன் வாங்குகின்றன, தமிழ் வாங்கினால் என்ன?" என்று கேட்பார் உளர். அவர்தம் வினா மேலோட்டத்திற்கு ஒப்புடையதுபோலத் தோன்றும். ஆனால், இல்லாததைக் கடன் கொள்வது வேறு. இருப்பதை எறிந்துவிட்டுக் கடன் கொள்வது வேறு. முன்னது வாணிகம், பின்னது வீடு கொளுத்தல். எஃகைப் பிறர்க்குத் தந்தவன் எஃகு என்னும் சொல்லைக் கடனாகப் பெறுவானாயின், அது நெல் விளைத்தவன் தன் களத்து நெல்லையே மாற்றார் கடையில் விலைக்கு வாங்குவது போலும்.

தஞ்சைப் படைக்கலக் கொட்டில்

காரைக்காலைப் பிரெஞ்சியர்க்கு ஈந்த தஞ்சை அரசின் படைக்கலக் கொட்டிலுக்கு நேர்ந்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1855இல் கடைசி மராட்டிய அரசர் சிவாசி ஆண்மகவின்றி மறைந்தார். கும்பினியார் அரசைக் கைக்கொண்டனர். நாயக்கர் காலந்தொட்டுக் குவிந்திருந்த வாள், வேல், கட்டாரி, கையுறைவாள் முதலியன அக்கொட்டிலில் மலைபோற் கிடந்தன. அவற்றுட் சிறந்தவை எனத் தெரிந்தெடுக்கப்பெற்ற சில சென்னை அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அதனைக் கண்டு வருந்திய வால்கவுசு என்னும் ஆங்கில அலுவலர் 1878இல் அது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். இழவு தமிழர் வீட்டில். இரங்கற்பா எழுதியவர் ஆங்கிலேயர்.

அக்கொட்டிலில் இருந்தவை எல்லாம் தமிழர் வடித்தவை என்று கூறுதற்கில்லை. ஆண்டவர் தெலுங்கரும் மராட்டியரும் ஆவர். சில வாள்களின் அலகுகள் ஐரோப்பாவினின்று வந்தவை. உலகிற்கு எஃகு அனுப்பிய நாட்டின் அரசர், மேலைநாட்டு அலகை வாங்கித் தம் பிடியிற் பொருத்தினர் என்பதும் ஒரு பாடமே. எவ்வாறாயினும், உடைந்த ஒவ்வொரு படைக்கலத்தோடும் அதன் உறுப்புகளின் பெயர், வேலைப்பாட்டின் பெயர், அதனை வடித்த பட்டறையின் வழக்கு ஆகியனவும் உடைந்தன. வாள் உடைந்தால் மீண்டும் படி செய்யலாம். சொல் உடைந்தால் படி செய்வார் யார்?

ஒளவையார் காட்டிய இரு கொட்டில்கள்

தொண்டைமானிடம் அதியமானின் தூதாகச் சென்ற ஒளவையாரின் நிகழ்ச்சியைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டினான். அவை அணிசெய்யப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மனையில் மிளிர்ந்தன. ஒளவையாரோ, அதியமானின் படைக்கலங்கள் முனை முரிந்து கொல்லன் கொட்டிலிற் கிடக்கின்றன என்றார். புகழ்வது போலப் பழித்தும், பழிப்பது போலப் புகழ்ந்தும் அவர் கூறியதன் உட்பொருள் ஒன்றே: பயன்படுவது தேயும், தேய்வது மீண்டும் உலையேறும், உலையேறுவதே உயிருள்ளது. மிளிர்வது எல்லாம் வலிமையன்று.

காரைக்கால் வீட்டுச் சுவர்வாள் தொண்டைமான் கொட்டிலைச் சேர்ந்தது. அதனாற் பிழையில்லை, படி என்பது பார்ப்பதற்கே. பிழை யாதெனின், தமிழர் தம் மொழியையும் அச்சுவரிலேயே தொங்கவிட்டமை. பொங்கல் விழாவில் தமிழ் மிளிர்கின்றது. மேடையில் மிளிர்கின்றது. வாழ்த்துப்பாவில், வளைவில், பதாகையில் நெய் பூசி மிளிர்கின்றது. மறுநாட் காலை அலுவலகத்தில், வங்கியில், மருத்துவமனையில், பிள்ளையின் பாடப்பொத்தகத்தில் அதனைத் தேடினால் கிடைப்பதில்லை. அது மீண்டும் உறையிற் புகுந்துவிடுகின்றது. தமிழ் மெய்வாளாய் இருந்தது. அதனைத் தமிழரே தமக்குரிய படியாக்கி வருகின்றனர்.

இக்குற்றச்சாட்டினின்று தனித்தமிழ் அன்பர்களும் முற்றும் தப்ப இயலாது. கொடுமணலையும் சிவகளையையும் கூறி மார்தட்டுதல் எளிது. மூவாயிரம் ஆண்டு, ஐயாயிரம் ஆண்டு என்று எண்ணுப் பெருக்குதல் இன்னும் எளிது. அப்பெருமையும் சுவரில் தொங்கும் வாளே. முன்னோன் வடித்த எஃகைப் பேசுவோன் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் என்னும் சொல் ஒலிக்குமாயின், அவன் தொண்டைமானேயன்றி அதியமான் ஆகான்.

காரைக்காலிலேயே சான்று காண்க. அம்மாவட்டத்தின் நாட்டுப்புற ஆட்சி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்னும் ஐந்து பிரிவுகளாக நிகழ்கின்றது. ஐந்தும் இனிய ஊர்ப்பெயர்கள். ஒவ்வொன்றன் பின்னும் கொம்யூன் பஞ்சாயத்து என்னும் ஒட்டு. முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி வடக்கு. பிரெஞ்சியர் கப்பலேறி எழுபது ஆண்டு கடந்த பின்னும், ஊராட்சி என்னும் எளிய தமிழ்ச்சொல் அப்பலகைகளில் ஏறவில்லை. 1956இல் எழுதப்பட்ட கைமாற்ற உடன்படிக்கை, மக்கள் பேராளர் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்திற்கும் இடம் வைத்தது. தன்மொழியைக் காக்கப் பிரெஞ்சியர் உடன்படிக்கையில் ஒரு விதி எழுதினர். தம்மொழியைக் காக்கத் தமிழர்க்குச் சட்டமும் போதவில்லை. பழக்கமே குறுக்கே நிற்கின்றது. பாவேந்தர் பாரதிதாசனார் 1909இல் ஆசிரியப் பணி தொடங்கிய ஊர் அந்நிரவி என்பதை எண்ணும்போது, இக்குறை மேலும் நெஞ்சை உறுத்துகின்றது.

உலை அவிகின்றது

சிலர், "வாளின் காலம் போயிற்று, கொல்லன் உலையைப் பேசி என்ன பயன்?" என்பர். வாளின் காலம் போனது மெய்யே, போனதும் நன்றே. ஆனால், உலையில் வடிக்கப்பெற்றது வாள் மட்டுமா? கொழு, மண்வெட்டி, கடப்பாறை, கோடரி, உளி, அரிவாள்மணை, வண்டிப்பட்டை ஆகிய உழவும் மனையும் அனைத்தும் அவ்வுலையிற் பிறந்தன. காவிரிக் கடைமடையில் நெல்லறுத்தது கருக்கரிவாள். அதன் பல் மழுங்கினால் கொல்லன் மீண்டும் கருக்கு வெட்டித் தருவான். இன்று அறுவடைப் பொறி வயலில் இறங்கிவிட்டது. உழவர்க்கு அதனால் உழைப்புக் குறைந்தது, அதனை வெறுத்தற்கில்லை. ஆயினும், கருக்கு வெட்டுதல் என்னும் தொழிற்சொல் என்ன பொருளது என்று இன்றைய உழவர் வீட்டுப் பிள்ளையைக் கேட்டால், அது விழிக்கும்.

துருத்தி, குறடு, சம்மட்டி, அரம், பட்டடை, பூண், ஆணி, தோய்ச்சல், பதம் — இவை அகரமுதலியிற் கிடைக்கும். இவற்றிற்கு அப்பால், இரும்பு எந்நிறம் எய்தும்போது அடிக்க வேண்டும், எந்நிறத்தில் நீரில் தோய்க்க வேண்டும், அடியின் வகை எத்துணை என்பவற்றிற்கெல்லாம் பட்டறைதோறும் சொற்கள் உண்டு. அவை எழுத்தில் ஏறாதவை. முதிய கொல்லர் ஒருவர் மறையும்போது அச்சொற்களும் அவரோடு சுடுகாடு செல்கின்றன. உபிக்க மொழி ஒரே நாளில் மாளவில்லை. சந்தையில் ஒரு சொல், பள்ளியில் ஒரு சொல், பட்டறையில் ஒரு சொல் என்று உதிர்ந்து, இறுதியில் ஒரு முதியவரோடு மாண்டது. எட்டுக் கோடிக்கு அணித்தாகப் பேசுநரைக் கொண்ட தமிழுக்கு அந்நிலை நாளையே வந்துவிடாது. ஆயின், தொழிற்சொற்கள் ஒவ்வொன்றாய் மடிந்து, வாழ்த்துப்பாவிற்கு மட்டும் உதவும் மொழியாய்த் தமிழ் எஞ்சுமாயின், அஃது உயிரோடிருந்தும் படியாய் இருத்தலேயாம்.

செய்யத்தக்கன

குறை கூறி அமைதல் போதாது. செய்யத்தக்கவை உள்ளன, அவை பெருஞ்செலவினவும் அல்ல.

முதலாவது, காரைக்காலிலும் அதனைச் சூழ்ந்த நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலும் உள்ள தமிழாசிரியர்கள் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள கொல்லுலைக்குச் செல்க. மாணவர் நால்வரை உடன் கொள்க. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு செயலுக்கும் கொல்லர் வழங்கும் சொல்லை அவர் வாய்ப்படியே எழுதுக. ஒரு விடுமுறைத் திங்களில் ஓர் ஊரின் உலைச்சொற்களைத் திரட்டிவிடலாம். தூமெசில் கடல் கடந்து சென்று பிறர் மொழிக்குச் செய்ததைத் தமிழாசிரியர் தெருக் கடந்து சென்று தம் மொழிக்குச் செய்தலாகாதா? அன்றியும், அவர் ஒரு முதியவரிடம் சென்றார். இவர்க்கு இன்னும் பலர் உளர்.

இரண்டாவது, அருங்காட்சியகங்களில் உள்ள தென்னாட்டுப் படைக்கலங்களின் முன் வைக்கும் குறிப்புகளில் தமிழ்ப்பெயரும் விளக்கமும் முதலில் இடம்பெறல் வேண்டும். குத்துவாள், கட்டாரி, சுருள்வாள், வளரி என்னும் பெயர்களைத் தமிழ்ப்பிள்ளை தமிழெழுத்திற் படிக்க வேண்டும்.

மூன்றாவது, படி செய்தல் இழிவன்று. உருசிய வாளின் படியை உலகம் வாங்குகின்றதெனின், தமிழர் படைக்கலங்களின் படியையும் வாங்கும். திருப்பாச்சேத்தி அரிவாள் இன்றும் பெயர் பெற்றுள்ளது. அத்தகைய ஊர்களின் கொல்லர்க்குப் பழம்படைக்கலங்களின் அளவும் வரைபடமும் தந்து, கூர்வாய் இன்றி அணிப்பொருளாகச் செய்வித்து, தமிழ்ப்பெயரும் தமிழ்வரலாறும் பொறித்த சிற்றேட்டோடு விற்பின், உலையும் எரியும், சொல்லும் வாழும். பிரான்சிலுள்ள காரைக்கால் இளைஞர் தம் வீட்டுச் சுவரில் அதனைத் தொங்கவிடட்டும்.

நான்காவதே முதன்மையானது, அதற்கு அரசும் வேண்டா, பணமும் வேண்டா. இன்று மாலையே அடுக்களையில் தொடங்கலாம். எஃகுத் தட்டு, எஃகுக் குவளை, எஃகுக் கரண்டி என்று சொல்லுக. முதல் நாள் வீட்டார் நகைப்பர். மூன்றாம் நாள் பழகுவர். ஒரு திங்களில் பிள்ளைகள் தாமே சொல்வர். அண்டை வீட்டார் கேட்பர். கடைக்காரர் செவியில் விழும். ஒரு பலகையாற் போன சொல்லை ஒரு பலகையால் மீட்கலாம். ஆனால், பலகைக்கு முன் நா வேண்டும்.

காரைக்கால் வீட்டுச் சுவரில் அவ்வாள் தொங்குக. அதனை எவரும் கழற்ற வேண்டா. அதைப் பார்க்க வரும் பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர் இவ்வாறு சொல்லட்டும்: "இதன் பெயர் செர்க்கேசியர் தந்தது, அவர்கள் நாடிழந்தனர். இவ்வகை வாளுக்கு உருசியர் தேடிய எஃகின் மறை, நம் ஊர் ஆவாரையும் எருக்கும் அறிந்தது. போய், அந்த எஃகுத் தட்டை எடுத்து வா, உண்போம்." அப்பிள்ளை அச்சொல்லைத் தன் பிள்ளைக்குச் சொல்லுமாயின், உலை அவியவில்லை என்க.